டயட் ஒன்றும் கந்தசஷ்டி விரதம் இல்லை

எங்கள் யாழ்ப்பாணத்தில் டயட் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டால் விரதகாரர் பேசுவது போலவே இருக்கும். ஒரு ரோல்ஸைக் கடித்தால் போதும், "இண்டைக்கு டயட் முறிஞ்சு போச்சு" என்பார்கள். கந்தசஷ்டி ஆறு நாளில் நடுவே சோற்றில் கை வைத்தால் விரதம் முறிந்ததுதான், சரி. சாப்பாட்டைக் குறைக்கிற வேலைக்கும் அதே கணக்கு எதற்கு?

முறிந்தது என்று சொன்ன பிறகு நடப்பதைக் கவனியுங்கள். அண்மையில் ஒரு பிறந்தநாள் வீட்டில் மச்சாள் பட்டர் கேக் ஒரு துண்டு சாப்பிட்டாள். அதுவும் மாமி கையில் திணித்தது. "போச்சு, எல்லாம் போச்சு" என்றாள். பிறகு இரண்டு ரோல்ஸ், ஒரு பற்றிஸ், இரவு கொத்துரொட்டி. "இனி திங்கட்கிழமை தொடங்குவம்" என்றும் சொல்லிவிட்டாள். அன்று செவ்வாய்!

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பது இதுதான். 1975இல் ஹெர்மன், மக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை விரும்பிய அளவு சாப்பிட விட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட் என்று வாயைக் கட்டி வைத்திருந்தவர்களோ இன்னும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் சுவாரசியம்: ஒரே உணவைக் கொடுத்து, 'இதில் கலோரி அதிகம்' என்று சொன்னாலே அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். வயிற்றுக்குள் போனதை விடக் காதுக்குள் போனது பெரிதாக வேலை செய்திருக்கிறது.

குடியை விட முயல்பவர்களை ஆராய்ந்த அலன் மார்லட் 1980களில் சொன்னதும் இதோடு சேரும். ஒரு தரம் சறுக்குவது வேறு, பழைய பழக்கத்துக்கே முழுதாகத் திரும்புவது வேறு. "எனக்கு மனவுறுதியே இல்லை" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்பவர், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் சுலபமாகப் போய்விடுகிறார்.

உடம்பின் கணக்கோ இவ்வளவு கொடூரமானதில்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மேலதிகமாக வேண்டும். ஒரு துண்டு கேக் அதற்குக் கிட்டவும் வராது. அடுத்த நாள் தராசு ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் அது பெரும்பாலும் உப்பும் மாச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர்.

சொல்லை மாற்றினால் மட்டும் எடை குறையாது, அது எனக்கும் தெரியும். சோற்றைக் குறைக்கத்தான் வேண்டும், நடக்கத்தான் வேண்டும். ஆனால் "பின்னேரம் கேக் சாப்பிட்டன்" என்று நடந்ததை நடந்தபடி சொல்கிறவருக்கு இரவுச் சாப்பாடு இன்னும் கையில் இருக்கிறது. மூன்று இடியப்பமும் சொதியுமாக அதை முடிக்கலாம். "எல்லாம் போச்சு" என்றவருக்கு அந்த இரவும் போய்விடுகிறது.

சீனி வருத்தக்காரரை மற்றவர்கள் இப்படிக் குற்றம் சொல்வது இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவை, சீனி கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் எல்லோர் முன்னாலும் "வாயைக் கட்டத் தெரியாதோ?" என்று ஏசியிருக்கிறார்கள். அவர் வாயைக் கட்டவில்லை, கிளினிக்குக்குப் போவதைத்தான் நிறுத்தினார்.

"செல்லம் குடுத்துக் கெடுக்கிறீர்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஏசினதால் மெலிந்த ஒருவரைக் காட்டிவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.