அரவிந்தின் இலவச ஆபரேஷன் யார் பணத்தில்?

‘அரவிந்த் கண் மருத்துவமனையின் இலவச ஆபரேஷன் முழுக்க வெளிநாட்டு நன்கொடையில்தான் நடக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லப்படுவது தவறு.

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது இது. வசதி உள்ளவர்கள் கட்டும் கட்டணமே இல்லாதவர்களின் சிகிச்சைக்கும் முதுகெலும்பு. இலவசக் கண் முகாம்களில் வரும் நோயாளிகளுக்கு அரசும் ஒரு பகுதி தருகிறது. 1992-இல், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரிக்கும் அரவிந்தின் ஆரோலேப் ஆலை உருவானபோது வெளிநாட்டு உதவி கைகொடுத்தது உண்மை. அன்றாடச் செலவு அதில் ஓடவில்லை.

மிச்சமாகும் பணம் ஊருக்கே திரும்புகிறது. சிற்றூர் கண் மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிக்கிறார். கண்ணாடி போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர் வீடியோவில் பார்த்துச் சொல்கிறார். முகாமில் கண்புரை தெரிந்தால் பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, லென்ஸ் வைத்து அனுப்புகிறார்கள். இத்தனை பேரின் உழைப்பை ‘யாரோ போட்ட பிச்சை’ என்பது அநியாயம்.