தண்டவாளம் போன கரையில் பேவர் பிளாக் வேண்டாம்

கைவிட்ட ரயில் தடத்தை நடைபாதையாக மாற்றிய வெளிநாட்டுப் படங்கள் காரைக்குடி, தேவகோட்டைக் குழுக்களில் சுற்றுகின்றன. கூடவே, "மயிலாடுதுறை–தரங்கம்பாடி லைன் 1986-லிருந்து சும்மாதானே கிடக்கிறது, அங்கே செய்யலாமே, நம்ம பக்கமும் மீட்டர்கேஜ் காலத்து மிச்சத் துண்டு இருந்தால் செய்யலாமே" என்ற பேச்சும். கட்டாயம் செய்ய வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள் இன்றும் பல இடங்களில் லாரி உரசிப்போகும் சாலை ஓரத்தில்தான் நடக்கிறார்கள்.

ஆனால் பாதை என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பேவர் பிளாக்கும் வளைவு வைத்த வாசலும்தான். ரயில் கரைக்கு, அதாவது தண்டவாளம் ஓடிய மண்மேட்டுக்கு, முதல் வேலை தண்ணீருக்கு வழி.

செட்டிநாடு கண்மாய் பூமி. ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வழியே அடுத்ததுக்குப் போகும். அந்த ஓட்டத்துக்கு வழிவிடத்தான் ரயில் கரைக்கு அடியில் சிறு பாலங்கள் இருக்கின்றன. ரயில் நின்றால் தடத்தைப் பராமரிக்கும் கேங்மேனும் நின்றுவிடுகிறார். பாலத்தின் வாய் மண்ணேறும், சீமைக்கருவேலம் அடைக்கும். பிறகு ஐப்பசியில் ஒரு பெருமழை போதும்: மேல்பக்கம் தேங்கிய தண்ணீர் கரையேறி வழியும், கீழ்ச்சரிவு அரிபடும், ஒரே இரவில் கரை வாய் பிளக்கும். அதன்மேல் எத்தனை லட்சத்துக்குக் கல் பதித்திருந்தாலும் கண்மாய்க்குள் கிடக்கும். ஆகவே கையிலிருக்கும் பணத்தில் முதல் பங்கு பாலங்களுக்கு. ஒவ்வொன்றின் இருபுறமும் மண்ணை வாரி, பழைய வெள்ளக் குறியைத் தேடி அளந்து வையுங்கள். பாலம் சின்னதாகத் தெரிகிறதே என்று அடைத்துவிட்டுக் குழாய் போடுவது பெரிய தவறு.

செங்கல் வளைவுப் பாலமானால் இடுக்கில் ஆலும் அரசும் முளைத்திருக்கும். மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். அந்த இடத்துக் கட்டுமானத்தைப் பிரித்து வேரை எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். அதுவும் சுண்ணாம்புச் சாந்தில். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பழைய செங்கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

இரும்புக் கர்டர் (உத்திரம்) வைத்த பாலத்தில், ரயிலைத் தாங்கிய கர்டருக்கு மனிதர் ஒரு பாரமே இல்லை. கெடுவது கர்டர் உட்காரும் இடம். சருகும் மண்ணும் சேர்ந்து ஈரத்தில் துரு தின்னும். அதைச் சுரண்டிப் பார்க்காமல் மேல்தளம் போடக் கூடாது. தளத்துக்கு இரும்புத் தகடு வேண்டாம், சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. வார்த்த கான்கிரீட் பலகை போதும். கைப்பிடி 1.1 மீட்டருக்குக் குறையக் கூடாது.

இனி பாதை. ஒற்றை மீட்டர்கேஜ் கரையின் மேல்தளம் சுமார் 5 மீட்டர். நடுவில் 3 மீட்டர் பாதை, மீதி இருபுற ஓரம். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியை ஏலம் விடாதீர்கள், அதுதான் அடித்தளம். ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கிய குறுக்குக் கட்டை) எடுத்த பள்ளங்களை கிரேடர் வைத்துச் சமன் செய்து உருளை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் மழைக்கு ஒவ்வொரு பள்ளமும் குட்டையாகும். ஜல்லி மேல் நேராகக் கிராவல் கொட்டினால் மண்பொடி இடுக்கில் இறங்கி, இரண்டே மழையில் ஜல்லி தலைகாட்டும். முதலில் 20 மில்லிமீட்டர் ஜல்லி, அதன்மேல் கிரஷர் துகள் போட்டு இடுக்கை அடைக்க வேண்டும். பிறகு நம் செம்மண் கிராவல், இறுகிய பின் 10 சென்டிமீட்டர். 1 கிலோமீட்டருக்கு இறுகிய அளவு 300 கனமீட்டர். உதிரியாக 400 வாங்க வேண்டும், அதாவது சுமார் 140 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). நடு உயர்ந்து இருபுறமும் 100-க்கு 2 அல்லது 3 சரிவு. கைப்பிடி மண்ணை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. அந்தப் பதத்தில்தான் உருளை ஓட வேண்டும். காய்ந்த மண்ணில் ஓட்டினால் புழுதிதான் மிஞ்சும்.

இங்கே காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். அதனால் 20 மில்லிக்கு மேற்பட்ட கல்லைச் சலித்து நீக்குங்கள். பேவர் பிளாக் வேண்டாம் என்பதற்கும் இதுவே முதல் காரணம்: வெயிலில் கொதிக்கும். கரை கொஞ்சம் அமுங்கினாலும் கல் பெயர்ந்து தடுக்கும். கிராவலென்றால் மண்வெட்டியால் ஊர்க்காரரே சரிசெய்துவிடலாம்.

சீமைக்கருவேலத்தைச் சமதளத்தில் ஜேசிபியால் வேரோடு எடுக்கலாம். சரிவில் அப்படிச் செய்தால் கரை இளகும். அங்கே தரைக்கு ஒரு அடி கீழே வெட்டி, துளிர்த்தால் திரும்பத் திரும்பக் கிள்ள வேண்டும். புங்கு, வேம்பு, இலுப்பையைக் கரையின் அடியில் நடுங்கள். மேலே நட்டால் வேர் பாதையைப் பிளக்கும். ஆட்டுக்கு எட்டாமல் முள்ளடைப்பும், இரண்டு கோடைக்குத் தண்ணீரும் அவசியம்.

பழைய மர ஸ்லீப்பரில் பெஞ்சு செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள். மரம் கெடாமலிருக்க அதில் ஏற்றிய கிரியோசோட் எண்ணெய் தோலுக்கு ஆகாது. எரித்தால் புகை இன்னும் மோசம்.

நிலம் ரயில்வேயுடையது. பட்டா கேட்டு மல்லுக்கட்டுவதை விட உரிமம் கேட்பதே சரி. ரயில் திரும்பினால் இடத்தை ஒப்படைப்போம் என்று நாமே எழுதித் தரலாம். மதுரை–போடி லைன் 2010 கடைசியில் மூடி, 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. கரை கலையாமல் இருந்தால் ரயில் கேட்பவர்களுக்கும் பாதை கேட்பவர்களுக்கும் சண்டையே இல்லை. ரயில் திரும்பும் வரை தடத்தைப் பாதையாக வைத்துக்கொள்ள அமெரிக்காவில் 1983-லேயே சட்டம் செய்துவிட்டார்கள்.

மண்வேலையைத் தையில் தொடங்கி ஆனிக்குள் முடியுங்கள். புரட்டாசிக்குள் பால வாய்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். பராமரிப்புக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, ஒரு நோட்டு: ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் காலை எந்தப் பாலத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று எழுதி வைக்கட்டும்.