சேலத்துக்குப் பெண்கள் மியூசியம் வரட்டும், ராணி சிலைகள் வேண்டாம்

சேலத்தில் பெண்கள் வரலாற்றுக்கென்று ஒரு மியூசியம் வந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பி, கொஞ்ச நேரத்திலேயே அது யார் யாருக்குச் சிலை வைக்கலாம் என்ற பட்டியலாகிவிட்டது. வேலு நாச்சியார், ஜான்சி ராணி, அன்னை தெரசா, கல்பனா சாவ்லா. ஒருவர் கண்ணகியையும் சேர்த்துவிட்டார். எல்லாரும் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குத்தான் ஸ்கூல் ஆண்டு விழா மேடையில் வருஷா வருஷம் இடம் இருக்கிறதே, மாறுவேடப் போட்டியில் பாதிப் பிள்ளைகள் அட்டைக் கத்தியோடு ஜான்சி ராணிதானே. அதற்கு எதற்கு இன்னொரு கட்டடம்? குழுவில் எழுதினால் சண்டை வரும், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துப் பெண்கள் மியூசியத்தில் முதலில் இருக்க வேண்டியது சேலத்துப் பெண்கள் பார்த்த வேலை. அவர்கள் கை பட்ட சாமான்கள், அவர்கள் பெயர், அவர்கள் வாங்கிய கூலி.

சேலத்தின் நெசவுப் பகுதிகளான அம்மாபேட்டை, குகைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தறியில் உட்காருகிறவர் நெசவாளி. நூலை அலசிக் காயவைத்து, சிக்கெடுத்து, ராட்டையில் தார் (குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கான சிறு கண்டு) சுற்றி, அறுந்த இழையை முடிந்து கொடுக்கிறவருக்கு ஒரு பெயரும் கிடையாது, அது 'வீட்டு வேலை'யில் சேர்த்தி. என் அம்மா வலது கையால் ராட்டையைச் சுற்றினால் இடது கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடி ஓடி ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது, புளி கரைக்கும்போது அந்த இடம் எரியும் என்பார். நெசவாளர் சங்கத்துப் பாஸ்புக்கில் இருந்தது அப்பா பெயர். கூலி சேலைக் கணக்கில் வரும், தார் சுற்றியதற்கென்று தனியாக ஒரு பைசா வந்ததில்லை. நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்று 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்புறம் ஏன் நெசவாளி என்றதும் நம் மனசில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்துகொள்கிறார்?

கொலுசுக் கதையும் இதேதான். செவ்வாப்பேட்டைக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று தொங்குகிற கொலுசில் பாதி வேலை சிவதாபுரம், பனங்காட்டு வீடுகளில், உலை கொதிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் நடந்தது. கண்ணி கோத்து, முத்து வைத்து, பற்றவைத்து, குனிந்து குனிந்தே கழுத்து போன பெண்கள் எத்தனை பேர். வெள்ளி எடை போட்டு வரும், எடை போட்டுத்தான் திரும்பும். ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடினோம், நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். ஆலை வாசலில் மரவள்ளிக் கிழங்கு மலைக்கு முன்னால் உட்கார்ந்து தோல் உரித்தவர்களைப் பற்றி அன்றைக்கு ஒரு வரி எங்கேயும் என் கண்ணில் படவில்லை.

ஏற்காட்டுக்குப் போங்கள். அங்கே ஒரு பெண்ணின் பேரில் ஊர் முழுக்கத் தெரிந்த இடம் லேடீஸ் சீட். ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி சாயங்காலம் வந்து உட்கார்ந்து கீழே சமவெளியைப் பார்ப்பாராம், அதனால் அந்தப் பேர். 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் பெயரையும் கைடுகள் மறக்காமல் சொல்வார்கள். சரி, அந்தக் காபியை இருநூறு வருஷமாகப் பறித்தது யார்? அட்டைக் கடியோடு, மழை ஈரத்தில், இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்ற பெண்கள். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. காப்பகம் என்ற பேரில் எங்கெங்கே என்ன இருந்தது, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அங்கே பறித்த பாட்டிகளிடம் யாராவது உட்கார்ந்து கேட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்கலாம். உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவருக்கு ஓர் இடம் இருக்கும் மலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பலகைகூட இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. மியூசியம் என்றால் உடனே எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கௌரவமாக்கிவிடுவோம். இசைத்தட்டு வந்த புதிதில் பாடியவர்களில் சேலம் கோதாவரி என்று ஒருவர் உண்டு. நம் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட அவரை இன்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் இசைத்தட்டில் பாட முன்வந்த பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். 1947இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள், நல்லதுதான், ஆனால் அதோடு அவர்கள் வித்தையையும் சேர்த்துப் பேசாமல் விட்டுவிட்டோம்.

அதைவிடக் கஷ்டமானது தொட்டில். வேண்டாம் என்று நினைக்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுப் போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான். பெண் சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டியைக் கை காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோம், 2001 கணக்கெடுப்பில் பெண் குழந்தை விகிதம் மிகக் குறைந்திருந்த தமிழக மாவட்டங்களில் சேலமும் உண்டு. அந்தத் தொட்டில் மியூசியத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பேன். ஆனால் அதில் வந்த குழந்தைகளின் போட்டோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. முதலில் வந்தவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும், தங்கள் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம்.

வெளியூர் உதாரணம் வேண்டுமா? லண்டன் கேபிள் தெருவில் பெண்கள் வரலாற்று மியூசியம் என்று சொல்லித் திட்ட அனுமதி வாங்கிவிட்டு, 2015இல் திறந்து பார்த்தால் பெண்களைக் குத்திக் கொன்ற ஜாக் தி ரிப்பருக்கு மியூசியம்! கொதித்துப்போனவர்கள் சும்மா இருக்கவில்லை, தாங்களே 'ஈஸ்ட் எண்ட் பெண்கள் மியூசியம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், சொந்தக் கட்டடம் இல்லாமல், அங்கங்கே தற்காலிகக் கண்காட்சிகளாக. ஹனோயில் இருக்கும் வியட்நாம் பெண்கள் மியூசியம் கூடை சுமந்து தெருவில் விற்கும் பெண்களின் வாழ்க்கையையே கண்காட்சியாக வைத்தது. மும்பையில் ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகம் 1988 முதல் பெண்களின் குரலையும் படங்களையும் சேர்த்து வருகிறது. அதனால் நிலம் எங்கே, நிதி எங்கே என்று இப்போதே மலைக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே தறி நின்றுபோன வீடுகளில் ராட்டை பழைய இரும்புக் கடைக்குப் போகிறது, சுற்றியவர்களுக்கு எழுபது எண்பது வயது. போனில் ரெக்கார்ட் பண்ண காசா பணமா?

கட்டடம் வருகிற அன்றைக்கும் ஒரே ஒரு கோரிக்கைதான். ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அந்த பஸ் நிற்கிற இடமாக, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கட்டும். ஆபீஸ் மாதிரி ஐந்து மணிக்குப் பூட்டாமல் ராத்திரி எட்டு மணி வரைக்கும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கட்டும், கொலுசுப் பட்டறைக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் போகிறவர்கள் வேறு எப்போது வருவார்கள்?