கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்
'போட்டோ எடிட்டிங் வேகமாக வேண்டுமென்றால் முதலில் நல்ல கிராபிக்ஸ் கார்டு போடுங்கள்' என்று ஒரு கட்டுரையில் இருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. கல்யாண ஆல்பம் வேலைக்கு என்னிடம் இருந்தது பழைய ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், சாதா ஹார்டு டிஸ்க். கடைக்காரர் பேச்சைக் கேட்டு முதலில் கார்டைத்தான் மாற்றினேன், லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு ரா படத்திலிருந்து (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) அடுத்ததுக்குப் போனால் அதே மங்கல், அதே காத்திருப்பு. அப்புறம் கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் நிரம்பி வழிகிறது, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, புதுக் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது! ரேமை 32 ஆக்கி, லைட்ரூமின் கேட்டலாக்கையும் (படப் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் கோப்பு) கேஷையும் (தற்காலிகச் சேமிப்பு) வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றிய பிறகுதான் படங்கள் தட்டத் தட்ட வந்தன. என் பழைய டிஸ்க் நொடிக்கு 150 எம்பி தாண்டாது, சாதாரண சாட்டா இணைப்பு எஸ்எஸ்டியே 500 தொடும். ஏஐ டீநாய்ஸுக்கு (படத்தில் உள்ள புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கும் வசதி) கார்டு வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், சரிதான், 2023-ல் லைட்ரூமில் வந்த அந்த வசதி கார்டை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் மண்டப இருட்டில் எடுத்த பத்து இருபது படத்துக்குத்தான் நான் அதைத் தொடுகிறேன், மீதி ஆயிரத்துச் சொச்சம் படத்துக்கும் ரேமும் டிஸ்க்கும்தான் கைகொடுக்கின்றன.