கெர்ரி வளையச் சாலை இரண்டு மணி நேரத்தில் முடியாது

"179 கிலோமீட்டர்தானே, பலகையில் 100 என்று போட்டிருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் அயர்லாந்தின் ரிங் ஆஃப் கெர்ரி வளையச் சாலையை முடித்துவிட்டு அன்றே பக்கத்து டிங்கிள் தீபகற்பத்துக்கும் போய்விடலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். தனியாக ஓட்டப் போகிறவருக்கு இது ஆபத்தான ஆலோசனை. அந்த 100 என்பது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேக உச்சவரம்பு, அவ்வளவுதான். மோல்ஸ் கேப் என்ற மலைக் கணவாய்ப் பக்கம் சாலை குறுகி, பாறையை ஒட்டி வளைந்து வளைந்து போகும். எதிரே ஒரு பேருந்து வந்தால் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே மூன்றரை மணி நேரம் ஆகும். லேடீஸ் வியூ காட்சி முனையில் இறங்கிப் பார்க்க, ஸ்னீம் கிராமத்தில் சாப்பிட என்று சேர்த்தால் முழு நாள். டிங்கிளுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

சுற்றுலாப் பேருந்துகள் கில்லார்னி நகரிலிருந்து கில்லோர்க்லின் ஊர் வழியாக இடஞ்சுழியாகப் போகும். காலையில் அவற்றுக்கு முன்பே கிளம்பி அதே திசையில் போனால், குறுகலான வளைவுகளில் அவற்றை எதிர்கொள்ள வேண்டியிருக்காது. துணைக்கு வழி சொல்ல ஆள் இல்லாதபோது இது பெரிய நிம்மதி.

அப்புறம், கிளைச் சாலைகளில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்பதும் பழைய கதை. 2025 பிப்ரவரி முதல் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளில் பொது வரம்பு 60தான்.