தோல்முட்டைக்கும் சேவலுக்கும் சம்பந்தம் இல்லை

வீட்டில் சேவல் இல்லாததால்தான் கோழி தோல்முட்டை, அதாவது கெட்டி ஓடு இல்லாமல் மெல்லிய தோல் மட்டும் மூடிய முட்டை இடுகிறது, ஒன்று வாங்கி விட்டால் சரியாகிவிடும் என்று இங்கே சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் சரியல்ல. சேவல் சேர்ந்தால் முட்டை குஞ்சு பொரிக்கும், அவ்வளவுதான். ஓடு உருவாவது பெட்டையின் வயிற்றுக்குள் ஏறக்குறைய 20 மணி நேரம் நடக்கிற வேலை. அதற்கு வேண்டியது கால்சியம்.

சந்தேகம் இருந்தால் மளிகைக் கடை வெள்ளை முட்டை ஒன்றைத் தட்டிப் பாருங்கள். அது வருகிற நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது. ஓடு எவ்வளவு கெட்டி!

அப்புறம், தீவன மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். முட்டையிடும் கோழிக்குக் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை வேண்டும். கறிக்கோழித் தீவனத்தில் சுமார் 1 சதவீதம்தான் இருக்கும். வெறும் அரிசி, சோளம் என்றால் அதுகூட இல்லை. கால்சியத்துக்கு உடைத்த கிளிஞ்சலைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானதைக் கோழியே கொத்திக்கொள்ளும். எங்கள் வீட்டுக் கருப்பி சாயங்காலம், கூண்டில் அடைவதற்குச் சற்று முன்னால்தான் அந்தக் கிண்ணத்தைத் தேடி வருவாள்.

புதிதாக முட்டையிடத் தொடங்கும் விடைக்கோழி ஒன்றிரண்டு தோல்முட்டை போடுவது சகஜம். கோழி குறுகி, வால் தொங்கி, இரை எடுக்காமல் நின்றால் மட்டும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.