கோழி கொத்தறதப் பாக்க அஞ்சு வருசமா?

போன மாசம் அவிநாசிப் பக்கம் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் அக்கா மகள், அந்தப் பக்கம் பங்காளி வழியில் அண்ணன் முறை ஆகிற ஒருத்தர். அக்கா மகள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு இப்போது பிஎச்டி செய்கிறாள். முட்டைக்கோழி கூண்டுக்குள் எது எதைக் கொத்துகிறது, ஏன் கொத்துகிறது, எப்படி வைத்தால் கொத்து குறையும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அண்ணன் ரசத்துக்குக் கையைக் குவித்துக்கொண்டே கேட்டார்.

“ஏன் அம்மணி, கோழி கொத்தறத எங்கூட்டுப் பொடக்காளில நின்னா பத்து நிமிசத்துல பாத்துப்போடலாம். அதுக்குப் போயி அஞ்சு வருசமா? கவருமெண்டு காசு வேற!”

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இத்தனைக்கும் அந்த அண்ணன் பல்லடத்துப் பக்கம் கறிக்கோழி செட் போட்டு, ரெண்டு பையன்களையும் இன்ஜினியரிங் படிக்க வைத்தவர். கோழி போட்ட சோறு.

வீட்டுக்கு வந்ததும் அவளிடமே கேட்டேன். நிஜமாகவே அதில் என்ன இருக்கிறது கண்ணு என்று. அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிவரை பேசினாள். அவள் சொன்னதையும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நார்வேயில் ஷெல்டெரப்-எப்பே என்று ஒருவர். சின்ன வயசிலிருந்தே கோழிகளை வேடிக்கை பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று நோட்டில் குறித்து வைத்தவர். எல்லாக் கோழியும் எல்லாக் கோழியையும் கொத்துவதில்லை, அதில் ஒரு வரிசை இருக்கிறது என்று 1920-களின் தொடக்கத்தில் எழுதினார். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழியை எல்லாமும் கொத்தும். நடுவில் சில சமயம் முக்கோணமும் விழும்: ஒன்று இரண்டைக் கொத்தும், இரண்டு மூன்றைக் கொத்தும், மூன்று திரும்பி வந்து ஒன்றையே கொத்தும். (எங்கள் பங்காளிகள் கூட்டம் அப்படியே கண்ணில் வந்து போனது.)

இதை அப்படியே வைத்துக்கொண்டு லண்டனுக்கு வாருங்கள். 1967-இல் அங்கே அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பதினேழாயிரம் ஆண்களுக்கு மேல் ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்று பெயர். சுரங்கத்தில் இறங்குகிறவர், மூட்டை தூக்குகிறவர் யாரும் அதில் கிடையாது. எல்லாருமே ஆபீஸ் ஆட்கள், மாசச் சம்பளம், வைத்தியம் இலவசம். அப்படி இருந்தும், பெரிய அதிகாரிகளோடு ஒப்பிட்டால் கடைசிப் படியில் இருந்த பியூன், வாட்ச்மேன் மாதிரியானவர்கள் இதய நோயில் செத்தது மூன்று மடங்குக்கும் மேல். சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுசாக மறையவில்லை. மேலே இருப்பவருக்கும் சாவு வரும், ஆனால் படி இறங்க இறங்கச் சீக்கிரம் வருகிறது.

வரிசையில் கீழே இருந்தால் உடம்பு என்ன ஆகிறது என்ற அதே கேள்வியை ஆப்பிரிக்காவில் பபூன் குரங்குகளிடம் கேட்டுக்கொண்டிருந்தவர் ராபர்ட் சபோல்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர். மயக்க ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, அதில் மன உளைச்சலுக்கான ஹார்மோனை அளந்து வந்தார். 1980-களில் ஒரு கூட்டத்தின் முரட்டு ஆண் குரங்குகள் பக்கத்துச் சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டில் கெட்ட கறியைத் தின்று காசநோய் வந்து செத்துப்போயின. சண்டை போட்டு அங்கே போய் வழக்கமாகத் தின்றதே அந்த முரடுகள்தான். மிஞ்சியவை சாதுவானவை. அதற்குப் பிறகு அந்தக் கூட்டமே மாறிவிட்டது. கீழ்மட்டத்துக் குரங்குகளைப் போட்டு அடிப்பது குறைந்தது, உளைச்சலும் குறைந்தது. வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஆண்களும் அந்தப் பழக்கத்துக்கே வந்தன. 2004-இல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள்.

கோழி, ஆபீஸ், குரங்கு. மூன்று டிபார்ட்மெண்ட், மூன்று நாடு. பந்தியில் உட்கார்ந்து தனித்தனியாகக் கேட்டால் மூன்றுமே சிரிப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு கோழிக் கதையும் உண்டு, இதை அவள் சொல்லும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 1890-களில் ஜாவா தீவில் காலை முடக்குகிற பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர். அவர் வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று கால் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் தானாகவே சரியாகவும் ஆகிவிட்டது. விசாரித்தால், ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டின வெள்ளையரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதுசாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியை ராணுவமில்லாத கோழிக்கு எதற்குத் தர வேண்டும் என்று நிறுத்திவிட்டார். மறுபடி தவிடு போகாத அரிசி போட்டதும் கோழி நிமிர்ந்துவிட்டது. பிறகு ஜாவாவின் சிறைகளில் எங்கெங்கே எந்த அரிசி போடுகிறார்கள் என்று கணக்கெடுத்ததில் மனிதருக்கும் அதுவேதான் என்று தெரிந்தது. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு. அந்தச் சமையல்காரருக்கு ஒரு சிலையாவது வைத்திருக்கலாம்.

நம்ம ஊரை எடுத்துக்கொண்டாலும், 1912-இல் கோயமுத்தூரில் தொடங்கின கரும்பு நிலையத்தில் காட்டு நாணலைக் கொண்டுவந்து கரும்போடு இனம் கலந்தபோது யாராவது சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? அதில் வந்த கோ 205 ரகம் 1918-லேயே பஞ்சாப் வயலுக்குப் போய்விட்டது.

ஆகவே எதை ஆராய்வது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கோழியை ஆராயட்டும், பஸ் கண்டக்டரை ஆராயட்டும். (அதுவும் நடந்தது. லண்டன் மாடி பஸ்ஸில் உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவரைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் போடுகிற கண்டக்டருக்கு இதய நோய் குறைவு என்று 1953-இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரின் குழு எழுதியது. டிரைவர்கள் முதலிலேயே பருமனானவர்களோ என்று அப்புறம் யூனிபார்ம் பேண்ட்டின் இடுப்பளவு வரை தேடிப் பார்த்தார்கள்.) என் கோபம் வேற இடத்தில். அது எங்கள் தறிக் குடோனில் ஆரம்பிக்கிறது.

எங்களுக்குச் சோமனூர்ப் பக்கம். அய்யனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, எழுபத்திரண்டு வயசு. நாற்பது வருசமாக விசைத்தறி, கூலிக்குப் பாவு வாங்கி ஓட்டுகிற தறி. பன்னிரண்டு வருசம் முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். குடோனை ஒட்டின ரூமில் மேசை போட்டு, அய்யன் காதில் கறுப்பு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்க என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அடிபடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எட்டு என்றால் என்ன என்று. ஷிப்டு பாதியில் எழுந்து வந்தவரை நேராக உட்கார வைத்துவிட்டார்கள். சத்தத்திலிருந்து ஒரு 14 மணி நேரமாவது விலகி இருந்த பிறகுதான் அந்தப் பரிசோதனை செய்ய வேண்டுமாம், இல்லாவிட்டால் காதின் அன்றைய மந்தமும் நிரந்தரச் சேதமும் கலந்துவிடும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு அய்யன் அவர்களுக்கு டீ வாங்கித் தரச் சொன்னார், படிவத்தில் கையெழுத்துப் போட்டார், போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். ஒரு காகிதம் வரவில்லை. ஒரு போன் வரவில்லை. “என்னமோ மெசின்ல பாத்தாங்களே, என்னாச்சுன்னு கேட்டயா?” என்று ஒரு வருசம் வரைக்கும் அய்யன் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ரெண்டு தரம் போன் செய்தேன், எடுத்தவருக்கு விவரம் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சி எங்கேயோ பட்டமாகி, பட்டம் வேலையாகி, வேலை பிரமோசனும் ஆகியிருக்கும். அய்யன் காது அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் தாய்மாமன் கதை இதைவிட மோசம். மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் இருபத்திரண்டு வருசம். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சைப் பிடித்து இறுக்கும், வியாழன் வெள்ளிக்குள் இளகிவிடும். நாள் ஆக ஆக எல்லாக் கிழமையும் திங்கட்கிழமை ஆகிவிட்டது. பஞ்சுத் தூசியில் வருகிற பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் அடையாளமே இந்தத் திங்கட்கிழமைதான், மருத்துவப் புத்தகத்தில் எப்போதோ ஏறின சங்கதி. ஆனால் மாமாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வருசம் ஆஸ்துமா என்று பார்த்தார்கள். இன்ஹேலர் எழுதின டாக்டர் ஒருத்தர்கூட என்ன வேலைங்க பாத்தீங்க என்று கேட்கவில்லை. நோயாளியிடம் அந்தக் கேள்வியையும் கேளுங்கள் என்று இத்தாலியில் ரமாட்சினி என்ற மருத்துவர் எழுதியது 1700-இல்.

மில்லில் வருசா வருசம் செக்கப் நடக்கும். அதில் மாமா கணக்கில் கிடையாது, ஏனென்றால் மூச்சு முடியாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், உள்ளே இருக்கிறவர்களைச் சோதித்துவிட்டு எல்லாரும் நல்லா இருக்காங்க என்று எழுதிப் போவார்கள். முடிந்தவன் வேலைக்கு வருவான், முடியாதவன் வீட்டில் இருப்பான். வந்தவனை மட்டும் எண்ணினால் எந்தத் தொழிலும் ஆரோக்கியமான தொழில்தான். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரியும், அதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். தெரிந்துதான் என்ன, டீக்கடைக்கு யார் வருகிறார்கள்?

அண்ணன் பந்தியில் கேட்டது தப்பான கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். நம்ம காசு, கேட்கலாம். ஆனால் எதற்குக் கோழி என்று கேட்டதற்குப் பதிலாக, கண்டுபிடித்ததை யாரிடம் சொன்னீங்க என்று கேட்டிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

காதுகுத்து முடிந்த அடுத்த ஞாயிறு அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். போனில் சத்தம் அளக்கிற ஒரு ஆப் போட்டுக் குடோன் நடுவில் நின்றாள். 97, 98 டெசிபல் என்று காட்டியது. போன் ஆப் அத்தனை துல்லியம் இல்லை என்று அவளே சொன்னாள், ஆனால் தோராயம் போதும். 90 டெசிபலில் 8 மணி நேரம், 95 என்றால் 4, 100 என்றால் 2, ஒரு நாளைக்கு அதற்கு மேல் கூடாது, அதுதான் தொழிற்சாலை விதி. எங்கள் ஷிப்டு 12 மணி நேரம். நூல் பில்லின் பின்பக்கத்தில், கனத்த சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை காது எவ்வளவு கேட்கிறது என்று ஒரு கோடு போட்டு, கீச்சுப் பக்கத்தில் ஒரு பள்ளம் வரைந்து அய்யனுக்குக் காட்டினாள்.

“சத்தத்துல கெடற காது மொதல்ல இந்த எடத்துலதானுங்க கெடும், அப்பச்சி. கீச்சுக் குரலு, ச, த மாதிரி எழுத்தெல்லாம் இங்கதான் வருதுங்க. அதனாலதான் உங்களுக்கு ஆளு பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு வெளங்கறதில்லீங்க.”

அய்யன் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். “நானு இத்தன நாளா நீங்கெல்லாம் வேணும்னே முணுமுணுக்கறீங்கன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்” என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரெண்டு தறிக்காரர்கள் காதில் பஞ்சு திணித்திருந்தார்கள். வெறும் பஞ்சு பெரிசாக ஒன்றும் தடுக்காது என்று சொல்லி, ஸ்பாஞ்ச் அடைப்பான் பத்து ஜோடி கொடுத்தாள். விரலுக்கு நடுவில் உருட்டிக் குச்சி மாதிரி மெலிசாக்க வேண்டும், இன்னொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருக வேண்டும், அது உள்ளே உப்புகிற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. எல்லாரும் தலைக்கு மேல் கையை வளைத்துக்கொண்டு நின்றது பள்ளிக்கூடத்து டிரில் மாதிரி இருந்தது. நாலு பேர் இன்றும் போடுகிறார்கள். மற்றவர்களுக்குக் காது அரிக்கிறதாம்.

கிளம்பும்போது கேட்டேன், உன் ஆராய்ச்சி முடிந்தால் நீ யாரிடம் சொல்லுவாய் என்று. அவள் போகிற முட்டைப் பண்ணைக்காரர் முதல் நாளே நிபந்தனை போட்டுவிட்டாராம். “கோழிய எத்தன நாளு வேண்ணாலும் பாத்துக்க அம்மணி. என்ன கண்டுபுடிச்சாலும் மொதல்ல என்றகிட்டத்தான் சொல்லோணும். இங்கிலீசுல வேண்டாம்.”